மாமா உட்கார்ந்த மாதிரி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் முழங்காலில் வந்துதான் நிற்கிறது. போன வாரம் கல்யாண மண்டபத்திலும் அதுதான் நடந்தது. தாலி கட்டுவதைப் பார்க்கும் முன்பே பந்தியில் மேசை போட்டிருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிற கூட்டம் நாம். ஒருத்திக்கு இடுப்பு, ஒருத்திக்கு இரண்டு காலும். எனக்கு வலது முழங்கால். மடங்காது. டாக்டர் தேய்மானம் என்கிறார். சின்ன வயதில் எங்கேயாவது விழுந்தீர்களா என்று கேட்டார். விழவில்லை, குதிரையில் இருந்து இறங்கினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் வேறு மாதிரி டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார் என்று அடக்கிக்கொண்டேன். உங்களிடம் சொல்லலாம். பயந்தாலும் எழுந்து ஓட உங்களுக்கும் கால் இல்லை.

அந்த மண்டபம் இருக்கிற இடத்தில்தான் அப்பாவின் ஜின்னிங் பேக்டரி, பருத்தியில் கொட்டை பிரிக்கிற ஆலை, இருந்தது. நாம் சாப்பிட்டோமே, அந்த ஹாலின் வடக்குச் சுவர், பஞ்சு மூட்டை அடுக்கி வைத்த பழைய கிட்டங்கியின் சுவர். வெள்ளையடித்து சீரியல் பல்பு தொங்கவிட்டிருந்தார்கள். நான் அந்தப் பக்கம் முதுகு காட்டி உட்காரவில்லை. நீங்கள் யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள்.

அப்போது எனக்குப் பத்து, பதினொன்று இருக்கும். அந்த வருஷம் பருத்தி சரியாக வரவில்லை. ஆலை பாதி நாள் மூடிக் கிடந்தது. ஓடாத ஆலையில் ஒரு வாடை உண்டு. பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கும் மிஷின் எண்ணெயும் எலிப் புழுக்கையும் சேர்ந்த வாடை. விட்டத்தில் ஒட்டியிருக்கும் பஞ்சுத் தூசி, யாரும் நடக்காதபோதும் மெல்ல உதிர்ந்துகொண்டே இருக்கும்.

அத்தை அப்பாவின் தங்கை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாமா பட்டாளத்தில் குதிரைகளோடு இருந்தவர். எந்த ஊரிலோ குதிரை அவர் மேல் விழுந்து, வலது முழங்கால் மடங்காமல் போய், பென்ஷனோடு ஊர் திரும்பினார். வரும்போது ஊன்ற ஒரு கம்பும் ஒரு செவலைப் பெட்டைக்குதிரையும் கொண்டுவந்தார். பிள்ளை கிடையாது. ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு, ஒரு வாரம்கூடப் படுக்காமல் போய்விட்டார். காரியம் முடிந்து அத்தையை அழைத்துவர அப்பா கார் அனுப்பினார். கார் சும்மா திரும்பி வந்தது. மறுநாள் வெயில் ஏறின பிறகு, வெள்ளைச் சேலை கட்டிய அத்தை செவலையைக் கையில் பிடித்தபடி நடந்தே வந்து சேர்ந்தாள். சேணம் குதிரை மேலேயே இருந்தது. வழி முழுக்க அவள் ஏறவில்லை. குதிரை யாரையோ சுமந்து வருகிற நிதானத்தில் வந்தது என்று தெருவில் சொன்னார்கள். தெருவில் எதைத்தான் சொல்ல மாட்டார்கள் என்று அம்மா அதைத் தள்ளிவிட்டாள்.

அப்பா நல்லவர்தான். ஆனால் ஓடாத மிஷினையும் ஓடாத குதிரையையும் ஒரே கண்ணால் பார்க்கிறவர். சேத்தூரில் இருந்து ஒரு ஜட்கா வண்டிக்காரர் இரண்டு தடவை வந்து செவலையின் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார். அவர் வண்டியில் பூட்டிய குதிரைகளின் முதுகுப் புண்ணை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

"அதை வித்தா என்னையும் சேத்து அனுப்பிருங்கண்ணே," என்றாள் அத்தை. சத்தம் உயர்த்தாமல்தான் சொன்னாள். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. அவளுக்கு மிஞ்சியது அந்தக் குதிரை ஒன்றுதான் என்பது எனக்கே புரிந்தது.

வழி காட்டியது கோயில். எங்கள் தெரு அம்மனுக்குப் பங்குனியில் பொங்கல் நடக்கும். சப்பரம் புறப்பட்டு மூன்று தெரு கூடுகிற முக்குக்கு வந்ததும் இறக்கி வைப்பார்கள். அங்கே ஒரு குதிரை அம்மனுக்கு நேரே முகம் காட்டி நின்று, அப்படியே குறுக்காக இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்கும், திரும்ப இந்தக் கோடிக்கும் நடக்க வேண்டும். முகம் அம்மனை விட்டு விலகக் கூடாது. திரும்பிப் பிட்டம் காட்டிவிட்டால் அந்த வருஷம் மழை இல்லை என்பார்கள். சோழபுரத்தில் இருந்து வந்துகொண்டிருந்த கிழட்டுக் குதிரையை ஆளுக்கொரு பக்கம் கயிறு கட்டி இழுத்து ஒப்பேற்றி வந்தார்கள். அது செத்துப்போனதால் நாட்டாமை எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"உங்க குதிரை குறுக்க நடக்குமா?" என்று கேட்டார்.

அப்பா அத்தையைப் பார்த்தார். "நடக்கும்," என்றாள் அத்தை. "அவிய பழக்கி வச்சிருக்காவ."

"நடந்துட்டா அது சாமி குதிரை," என்றார் அப்பா. "இங்கயே கெடக்கட்டும். நடக்கலைன்னா சேத்தூர்க்காரர் வந்து ஓட்டிட்டுப் போவாரு. பொறவு நீ அழக்கூடாது."

நடப்பதற்கு மேலே ஆள் வேண்டும். செவலையை எங்கள் வீட்டை ஒட்டியிருந்த ஆலை முற்றத்தில்தான் கட்டியிருந்தோம்; ஆலை வாட்ச்மேன் ஏறிப் பார்த்தான். செவலை துள்ளவில்லை, உதைக்கவில்லை. நிதானமாகக் கிட்டங்கிச் சுவரோரம் போய், அவன் காலைச் சுவரில் வைத்துத் தேய்த்து, மூட்டையை இறக்குகிற மாதிரி அவனை இறக்கி வைத்தது. அத்தை ஏறலாம். ஆனால் தாலியறுத்தவள் சப்பரத்துக்கு முன்னால் வரக் கூடாது. ஒதுங்கி நின்று பார்க்கவே நாலு பேரின் சம்மதம் வேண்டிய காலம். அப்போது நாட்டாமையின் கண் என் மேல் விழுந்தது.

"ஆளாகாத பிள்ளைதான? அம்மனுக்கு உகந்தது," என்றார். அம்மா என்னவோ சொல்ல வந்தாள். நாட்டாமை அதற்குள் வெற்றிலை போட ஆரம்பித்துவிட்டார்.

அண்ணனின் கால்சட்டையைப் போட்டு மேலே பாவாடையைச் செருகிக்கொண்டு ஏறினேன். இடது பக்கமாக ஏறப் போனால் செவலை நகர்ந்துவிட்டது. வலது பக்கம் போனதும் அசையாமல் நின்றது. மாமா மடங்காத காலைக் குதிரை முதுகுக்கு மேலே தூக்கிப் போட முடியாமல், வலது பக்கம் இருந்துதான் ஏறுவாராம். இறங்குவதும் அந்தப் பக்கம்தான். சேணத்தின் தோல் ஒரு இடத்தில் கறுத்து மழுங்கியிருந்தது. கால் வைக்கிற இரண்டு அங்கவடியும் ஒரே உயரத்தில் இல்லை. வலது பக்கத்து அங்கவடி முழ நீளம் கீழே தொங்கியது. அத்தை இடதை எனக்காகச் சுருக்கினாள். வலதைத் தொடவில்லை.

எங்கள் மூவரில் விவரம் தெரிந்தது செவலைக்கு மட்டும். இடது பக்கம் போக வேண்டும் என்றால் வலது காலால் அமுக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். யாரும் அப்படித்தானே நினைப்பார்கள். அமுக்கினால் முன்னால் போனது. கடிவாளத்தை இழுத்தால் பின்னால் போனது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் காதை மடக்கிக்கொண்டு நின்றது. அத்தை ஒரு யோசனை செய்தாள். செவலையின் மூக்கு கிட்டங்கிச் சுவரைத் தொடுகிற மாதிரி நிறுத்தினாள். முன்னால் போக வழியில்லாவிட்டால் பக்கவாட்டில்தானே போக வேண்டும். அது பின்புறத்தை மட்டும் சுழற்றிச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டது. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "வத்து அம்மாயி, வத்து," என்று என்னை இறங்கச் சொன்னாள். இரண்டு வாரம் இப்படியே ஓடியது.

ஒரு நாள் சாயங்காலம் அத்தை சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மாமா உட்கார்ந்திருப்பதை நினைவில் கொண்டுவர முயன்றாள். "அவிய நேரா உக்கார மாட்டாவ," என்றாள். "நீயும் சாஞ்சு உக்காரு. இடது தோளைச் செத்த தாழ்த்து. இன்னும். வலது காலை மடக்காத, நீட்டமா விடு."

விட்டேன். உடம்பு தானாகவே இடது பக்கம் கனத்தது.

"அதும் தலையைப் பாக்காத. போற எடத்தைப் பாரு. மூச்சை விடு."

மூச்சை விட்டேன். எனக்குக் கீழே செவலையும் ஒரு பெருமூச்சு விட்டது. அதன் முதுகு சற்று உயர்ந்தது. வலது முன்னங்கால் எழுந்து இடதுகாலுக்குக் குறுக்கே தாண்டி ஊன்றியது. பின்னங்காலும் அதே மாதிரி தாண்டியது. ஒரு அடி, இன்னொன்று, இன்னொன்று. நான் எதையும் அமுக்கவில்லை, இழுக்கவில்லை. குடம் சுமக்கிறவள் குடம் சாய்கிற பக்கம் தானாக அடி எடுத்து வைப்பாளே, அப்படிச் செவலை என் கனத்துக்குக் கீழே வந்து வந்து நின்றது. வலது காலால் அமுக்க முடியாத மனிதர், வெறும் உட்காருவதை வைத்தே அதற்குப் பேசக் கற்றுக்கொடுத்திருந்தார்.

அத்தை கையில் இருந்த செம்பு கீழே விழுந்து உருண்டது.

"வந்துட்டாவ," என்றாள்.

அப்பாதான் வந்துவிட்டார் என்று வாசலைப் பார்த்தேன். கேட் சாத்தியிருந்தது. அங்கே யாரும் இல்லை.

அதற்குப் பிறகு வேலை சுலபமாகிவிட்டது. அதுதான் எனக்கு இப்போது திகிலாக இருக்கிறது. அத்தை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திச் சொல்லுவாள். கட்டைவிரல் மேலே இருக்க வேண்டும். தாடை கொஞ்சம் முன்னால் வர வேண்டும். அடி எடுத்து வைக்கும் முன் உதட்டை உள்ளே மடிப்பாராம். நான் ஒன்று சேர்த்தால் செவலை ஒரு அடி கூடுதலாகக் கொடுக்கும். வலது பக்கம் திரும்பி வருவதற்கு மட்டும் இடது குதிகால் வேண்டியிருந்தது. செவலையின் இடது விலாவில் மாமாவின் குதிகால் பட்டுப் பட்டு முடி தேய்ந்து, கையகலத்துக்குத் தோல் தெரிந்தது. என் குதிகால் அவ்வளவு கீழே எட்டாது. அதனால் ஒரு புளியங்குச்சி வைத்திருந்தேன். அந்த இடத்தில் குச்சி பட்டால் போதும், வலது பக்கம் தாண்டி வந்துவிடும்.

ஒரு நாள் தெலுங்குக்கார அம்மா மொட்டை மாடியில் மிளகாய் காயப்போட வந்தவள் அப்படியே நின்றாள். நான் அவளுக்கு முதுகைக் காட்டியபடி சுவரோரம் குறுக்கே போய்க்கொண்டிருந்தேன். "ஆயன எவரு?" என்று கேட்டாள். அந்த ஆம்பிளை யாரு என்று அர்த்தம். நான் திரும்பி அவளைப் பார்த்ததும் மிளகாயை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனாள். அதன் பிறகு அந்தச் சுவருக்கு மேலே தலை தெரியவில்லை.

மாமா எங்கள் வீட்டுக்கு வந்துபோன காலத்திலேயே எங்கள் வெள்ளை நாய்க்கு அவரைக் கண்டால் ஆகாது. அவருடைய கம்புச் சத்தம் கேட்டாலே உறுமும். நான் பிறந்ததில் இருந்து என் காலடியில் கிடந்த நாய் அது. ஒரு நாள் இறங்கி வீட்டுக்குள் வரும்போது என்னைப் பார்த்து உறுமியது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பல்லைக் காட்டிக்கொண்டே பின்னால் போய்க் கட்டிலுக்குக் கீழே புகுந்துகொண்டது.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து ஆலைக்குப் போனேன். வெயில் இன்னும் தணியவில்லை. அன்று காலையில்தான் வாட்ச்மேன் முற்றத்து மணலைக் கூட்டிச் சமமாக்கியிருந்தான். நான் அன்று இன்னும் ஏறவே இல்லை. மணலில் சுவரோரமாகக் குளம்புத் தடம் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை குறுக்காகப் போய்த் திரும்பி வந்திருந்தது. தாண்டித் தாண்டி வைத்த தடம். ஒரு இடத்தில்கூடக் கோணவில்லை. செவலை கட்டுத்தறியில் நின்றது. சேணம் ஆணியில் தொங்கியது. ஆனால் முதுகில் சேணம் இருக்கிற அளவுக்கு வேர்வை. பக்கத்தில் அத்தை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"யார் அத்தை ஏறுனது?"

"நீ தூங்கிட்டு இருந்த," என்றாள். "எழுப்ப வேண்டாம்னாவ."

வயதான பிறகு இதை நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். ஆள் அரவமில்லாத நேரத்தில் அத்தையே ஏறியிருக்கலாம். அவ்வளவு சின்ன வயதில் முக்காடு போட்டு உட்கார வைத்தவளுக்கு அந்த அளவு ஆசை இருந்திருக்காதா? அவள் சேலைக் கரையில் குதிரை முடி ஒட்டியிருந்ததா என்று ஞாபகத்தைத் துழாவிப் பார்க்கிறேன். சேலை வெள்ளைவெளேர் என்றுதான் கண்ணில் வருகிறது.

பயந்தாயா என்று கேட்பீர்கள். இல்லை. எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் மூன்றாவது பெண்ணுக்கு யார் முதலில் சோறு போடுவார்கள்? அத்தை எனக்குப் போட்டாள். அதுவும் மாமாவின் பித்தளைத் தட்டில். பக்கத்தில் நின்று "இன்னும் செத்த ரசம் ஊத்தவா?" என்று கேட்டாள். ஒருமுறை "செத்த நேரம் இருங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் வந்த பிறகு சிரித்து நான் பார்த்தது அதுதான். அதற்காகவே நான் இன்னும் கொஞ்சம் தோளைத் தாழ்த்துவேன்.

அம்மாவுக்குத்தான் முதலில் தட்டியது. மாமா சொல்கிற மாதிரியே காபியில் சீனி வேண்டாம் என்று சொன்னேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. சளியே இல்லாமல், மாமாவைப் போல இரண்டிரண்டு தடவையாக இருமினேன். அது ஞாபகம் இருக்கிறது, அடக்க முடியவில்லை. ஒரு நாள் வாசலில் நடந்து வந்தவளை அம்மா நிறுத்தினாள்.

"காலை மடக்கி நடட்டி."

"மடக்கித்தான் நடக்கேன்."

அம்மா என் காலைப் பார்த்தாள். பிறகு அத்தையிடம் போனாள். "ஏட்டி, போதும். எம்பிள்ளைய விட்ரு," என்றாள். அவள் யாரிடமும் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"பொங்கல் முடியட்டும் மதினி," என்றாள் அத்தை. "நடக்கலைன்னா அதைக் கொண்டுபோயிருவாங்க. அம்புட்டுத்தான். பொங்கல் முடியட்டும்."

பொங்கல் அன்று பொழுது அடைகிற நேரத்தில் சப்பரம் முக்குக்கு வந்தது. பெட்ரோமாக்ஸ் விளக்குகளின் இரைச்சலுக்கு மேலே உறுமி மேளம் கேட்டது. செவலைக்கு நெற்றிப்பட்டமும் காலில் சலங்கையும் கட்டியிருந்தார்கள். எனக்குப் பட்டுப்பாவாடை. நான் அம்மனுக்கு நேரே போய் நின்றதும் நாட்டாமை என் கையைப் பார்த்தார்.

"குச்சியைக் குடு. சாமி முன்னாடி கம்போட நிக்கக் கூடாது."

வாங்கிக்கொண்டு போய்விட்டார். இடது பக்கம் போய்விடுவேன். திரும்ப வருவதற்குக் குச்சி வேண்டும். குச்சி இல்லாவிட்டால் செவலை அந்தக் கோடியிலேயே நிற்கும், அல்லது திரும்பிப் பிட்டம் காட்டும். காலையில் சேத்தூர்க்காரர் வந்துவிடுவார். கூட்டத்தின் ஓரத்தில் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சந்து வாயில், யார் கண்ணிலும் படாத இருட்டில், அத்தையின் வெள்ளைச் சேலை தெரிந்தது.

தோளைத் தாழ்த்தினேன். மூச்சை விட்டேன். செவலை இடது பக்கம் போனது. சலங்கை ஒரே சீராக ஒலித்தது. அம்மனின் முகத்தைவிட்டு அது கண்ணை எடுக்கவில்லை. அந்தக் கோடிக்குப் போய் நின்றது. உறுமிக்காரர் வேகத்தைக் கூட்டினார். இப்போது திரும்ப வேண்டும்.

நான் ஒன்றும் செய்யவில்லை. இதைத்தான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்ல முடியவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். கீழே, என் கால் எட்டாத இடத்தில், ஒரு குதிகால் குதிரையின் விலாவில் அழுந்தியதை நான் உணர்ந்தேன். அந்த விலாவின் சூடும் தேய்ந்த தோலின் வழவழப்பும் என் குதிகாலுக்குத் தெரிந்தன. என் கால் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. செவலை வலது பக்கம் தாண்ட ஆரம்பித்தது. என் உதடு உள்ளே மடிந்தது. நான் இருமினேன். இரண்டு தடவை.

உறுமிக்காரர் என் முகத்தைப் பார்த்து அடிப்பதை நிறுத்திவிட்டார். செவலை மட்டும் குறுக்கே நடந்துகொண்டிருந்தது. அது இந்தக் கோடிக்கு வந்து நின்றபோது கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. அத்தை அதன் நடுவே வந்தாள். தலையில் முக்காடு இல்லை. சாமிக்கும் எனக்கும் நடுவில் நடந்து, குதிரையின் வலது பக்கம் வந்து, தொங்கிக்கொண்டிருந்த நீள அங்கவடியைக் கையில் பிடித்துக்கொண்டாள். அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"போதும். இறங்குங்க," என்றாள்.

பத்து வயதுப் பிள்ளையைப் பார்த்து ஊரறிய அப்படிச் சொன்னாள். நான் வலது பக்கமாக இறங்கினேன். கால் மடங்கவில்லை. அவள் என்னைத் தாங்கிப் பிடித்து, முந்தானையால் என் முகத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.

"ஏட்டி, உம்பேரு என்ன?"

என் பெயரைச் சொன்னேன்.

"இன்னொரு தரம் சொல்லு."

இன்னொரு தரமும் சொன்னேன். அப்புறம்தான் கையை விட்டாள்.

நடந்துவிட்டதே, இனி அது சாமி குதிரைதானே என்று நினைத்தேன். பெரியவர்கள் வேறு மாதிரி முடிவு செய்தார்கள். மறுநாள் நாட்டாமை எங்கள் வாசலோடு நின்றுகொண்டார். "அது குறுக்க நடந்ததுல குத்தமில்லை. ஆனா செத்தவன் ஏறின குதிரை வீட்டுல நிக்கப்படாது. உங்க தங்கச்சியே புருஷனைக் கூப்பிடுற மாதிரி இறங்குங்கன்னு சொன்னாளே, ஊரே கேட்டுச்சு," என்றார். அவர் பேச்சை அப்பா மீறவில்லை. செவலை நன்றாக நடக்காவிட்டால் போயிருக்கும். நன்றாக நடந்ததால் போனது. வாக்குத் தவறிய அப்பா அன்று ஆலைக்கும் போகவில்லை, சாப்பாட்டுக்கும் வரவில்லை.

சேத்தூர்க்காரர் கயிற்றைக் கட்டி இழுத்தார். செவலை எதிர்க்கவில்லை. ஆனால் நேராக நடக்கவும் இல்லை. முகத்தை வீட்டுப் பக்கம் வைத்துக்கொண்டு, ஒரு அடி, ஒரு அடியாகக் குறுக்கே தாண்டித் தாண்டி கேட்டைக் கடந்தது. மேலே யாரும் இல்லை. தெரு முக்குவரை அப்படியே போனதை நான் மாடியில் இருந்து பார்த்தேன்.

அத்தை பார்க்க வரவில்லை. அழவும் இல்லை. அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று முடிவு கட்டி, மதுரைக்கு ஒரு டாக்டரிடமும் மலையடிவாரத்தில் ஒரு பூசாரியிடமும் கூட்டிப்போனார்கள். ஆறு மாதத்தில் அவளே ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். எனக்கு அவள் மேல் ஆத்திரம். வாயை மூடிக்கொண்டு சந்தில் நின்றிருந்தால் செவலை எங்கள் வீட்டில் இருந்திருக்கும். ஆசையை அடக்க முடியாமல் வந்து, என்னைப் புருஷனாக நினைத்துக் கூப்பிட்டுக் காரியத்தைக் கெடுத்துவிட்டாள். ஊரும் அப்படித்தான் சொன்னது. நானும் அதை நம்பித்தான் வளர்ந்தேன், கல்யாணம் செய்துகொண்டேன், பிள்ளை பெற்றேன். விசேஷங்களில் அவளைப் பார்த்தால் ஒரு வார்த்தை பேசுவேன், அதோடு சரி.

அவள் சாவதற்குச் சில மாதம் முன்பு பார்க்கப் போனேன். பின்கட்டு அறையில் இரும்புக் கட்டிலில் கிடந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். அவள் கூடவே எடுத்துப் போயிருந்த அந்தச் சேணம் சுவரில் இல்லை. ஆணி மட்டும் இருந்தது. சேணம் என்ன ஆனது என்று கேட்டேன். எலி தின்றுவிட்டது என்றாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். பேச்சு எப்படியோ அந்தப் பொங்கலுக்கு வந்தது.

"அன்னைக்கு நீங்க வராம இருந்திருந்தா செவலை போயிருக்காது," என்றேன். இத்தனை வருஷம் கழித்துச் சொல்லியும் ஆத்திரம் அடங்கவில்லை.

"தெரியும்," என்றாள் அத்தை.

"தெரிஞ்சா ஏன் வந்தீங்க?"

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "திரும்பி வரும்போது உம் மொகத்தைப் பாத்தேன். அவிய மொகம். சத்தியமாச் சொல்லுதேன், எனக்குச் செத்த நேரம் சந்தோசமாத்தான் இருந்துச்சு. எம்புட்டு நாளுக்குப் பொறவு பாக்கேன். அப்புறம்தான் திக்குன்னுச்சு. அவிய இங்க இருக்காவ, சரி. அந்தப் பிள்ளை எங்க போச்சு?"

அத்தை போர்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டாள்.

"இறங்கச் சொல்லணும். நாட்டாமை சொன்னாக் கேப்பாவளா? உங்கப்பா சொன்னாக் கேப்பாவளா? நான் சொன்னாத்தான் கேப்பாவ. சொன்னா குதிரை போயிரும். அவியளும் போயிருவாவ. எனக்கு ஒண்ணும் மிஞ்சாது. அதுக்காக ஒன்னய அங்க விட்டுட்டு நிக்க முடியுமா?"

இவளையா பைத்தியம் என்று டாக்டரிடம் கூட்டிப்போனோம்? அவள் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். எலும்பும் தோலுமாக இருந்த கை, அன்றைக்கு என் முகத்தைத் துடைத்த அதே கை. அழுதேன். அவள் அழவில்லை.

சின்னப் பிள்ளை மாதிரி கேட்டேன்.

"இறங்கிட்டாவதானே அத்தை?"

அத்தை மெல்லத் தலையைத் திருப்பினாள். கட்டில் ஓரத்தில் நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். என் இடது தோளைப் பார்த்தாள். தரையில் நீட்டிக் கிடந்த என் வலது காலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். என் கைக்குள் இருந்த அவள் விரல்கள் குளிர்ந்துவிட்டன.

"நேரா உக்காருட்டி," என்றாள்.